கையில் புள்ளிகள்: ஸ்பாட்ஸ்டாட்டா, பைத்தானா, இன்லாப்ரூவா?

மரம், குருவிக்கூடு, விபத்து நடந்த இடம், டெங்கு வந்த வீடு. எதுவானாலும் கடைசியில் கணினிக்கு வந்து சேர்வது இரண்டு நெடுவரிசைதான்: ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு "இதை எதில் போடலாம்?" என்று கேட்டு வருபவர்கள் அடிக்கடி உண்டு. பெரும்பாலும் சூழலியல் படிக்கும் மாணவர்கள், சில சமயம் பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்பவர்கள். புள்ளிகள் கொத்தாக இருக்கின்றனவா, ஏன் என்று கணக்கிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். நிரல் மொழிகளில் ஆர் தெரிந்தவர் ஆர் என்பார் (ஸ்பாட்ஸ்டாட், இன்லாப்ரூ இரண்டும் அதன் தொகுப்புகள்), பைத்தான் தெரிந்தவர் பைத்தான் என்பார். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: "எங்கெல்லாம் தேடினீர்கள்?"

புள்ளி இல்லாத இடத்தில் இரண்டு வகை இருக்கிறது. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட இடம் ஒன்று, யாரும் போகவே போகாத இடம் இன்னொன்று. கோப்பில் இரண்டும் ஒரே வெறுமைதான். இந்த வித்தியாசத்தை நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும் கருவி எது, கேட்காமல் தானாகவே ஒன்றை வைத்துக்கொள்ளும் கருவி எது? ஒப்பீட்டை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். வேகம், வரைபட அழகு, கற்க ஆகும் நாள் எல்லாம் அப்புறம்.

நிஜமான ஒரு தரவை வைத்தே பேசலாம். பனாமா கால்வாய்க்காக நதியை மறித்து காத்தூன் ஏரியை உண்டாக்கியபோது, ஒரு குன்று தண்ணீருக்கு நடுவே தீவாக மிஞ்சியது. அதுதான் பாரோ கொலராடோ. அங்கே ராபின் ஃபாஸ்டரும் ஸ்டீஃபன் ஹபெலும் 1980-இல் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்துக்கொண்டார்கள். நீளம் 1000 மீட்டர், அகலம் 500 மீட்டர். மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதும், அந்தச் செடிக்கு எண் உண்டு, இடக்குறிப்பு உண்டு. இப்படி 2 லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள். அதில் பெய்ல்ஷ்மீடியா பெண்டுலா என்ற ஒரே ஓர் இனத்தின் 3604 மரங்கள், ஆர் மொழியின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்போடு 'பெய்' என்ற பெயரில் கூடவே வருகின்றன. ஐந்து மீட்டருக்கு ஒரு முறை எடுத்த நில உயரமும் சரிவும் சேர்ந்தே கிடைக்கும்.

தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். இதே முறையில் முதுமலையிலும் 50 ஹெக்டேர் நிலம் 1988 முதல் அளக்கப்பட்டு வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் தொடங்கிவைத்த வேலை அது. இலங்கையில் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேர் இருக்கிறது. ஆகவே பெய் தரவில் கற்றுக்கொள்வது நம் காடுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, கணக்குக்கு வருவோம். 5 லட்சம் சதுர மீட்டரில் 3604 மரம் என்றால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 72. மரங்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் தூவினாற்போல் இருந்தால், ஒரு மரத்தைச் சுற்றி 20 மீட்டர் ஆர வட்டத்தில் இன்னும் எத்தனை மரம் எதிர்பார்க்கலாம்? வட்டத்தின் பரப்பு சுமார் 1257 சதுர மீட்டர், ஆக 9 மரம். உண்மையில் எண்ணிப் பார்த்து 9-ஐ விட நிறைய வந்தால் கொத்து, குறைவாக வந்தால் மரங்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. பிரையன் ரிப்ளி 1970-களில் தந்த கே சார்பின் அடிப்படை இவ்வளவுதான். ஆரத்தை மாற்றி மாற்றி இதையே எண்ணுவது.

இப்போது நிலத்தின் மூலையில் நிற்கும் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டத்தில் கால் பங்கு மட்டும்தான் நிலத்துக்குள் இருக்கிறது. அங்கே எதிர்பார்க்க வேண்டியது இரண்டேகால் மரம். ஒன்பதோடு ஒப்பிட்டால் அந்த மூலை காலியாகத் தெரியும். ஆனால் அங்கே மரம் இல்லாமல் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் யாரும் எண்ணவில்லை. 20 மீட்டர் ஆரத்துக்கு இந்தச் சிக்கல் நிலத்தின் 12 விழுக்காட்டைத் தொடுகிறது. 100 மீட்டர் ஆரத்துக்குப் போனால் நிலத்தில் பாதிக்கு மேல், 52 விழுக்காடு, ஏதோ ஒரு விளிம்பிலிருந்து நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. விளிம்பைத் திருத்தாமல் போட்ட கே சார்பு, ஆரம் கூடக் கூடக் கொத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டும். இது சின்னப் பிழை அல்ல, முடிவையே புரட்டிவிடும்.

ஸ்பாட்ஸ்டாட்டை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இந்த இடம்தான். ஏட்ரியன் பேட்லியும் ரால்ஃப் டர்னரும் எழுதத் தொடங்கி, பின்னர் ஏகே ரூபாக் சேர்ந்த தொகுப்பு இது. இதில் புள்ளிகள் மட்டும் தனியாக இருக்க முடியாது. பிபிபி என்ற அதன் பொருளை உருவாக்கும்போதே எல்லையும் சேர்ந்தாக வேண்டும். செவ்வகமாக இருக்கலாம், ஏரிக்கரை மாதிரி வளைந்த பலகோணமாக இருக்கலாம், நடுவில் ஓட்டை கூட இருக்கலாம். குளத்துக்குள் மரம் முளைக்காது என்பதை அந்த ஓட்டையாகவே சொல்லிவிடலாம். எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி கிடந்தால் அதை ஒதுக்கி வைத்து எச்சரிக்கும். அதன் பிறகு வரும் எந்தக் கணக்கும் அந்த எல்லையை மறக்காது.

ஸ்பாட்ஸ்டாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. புள்ளிகள் 3000-ஐத் தாண்டினால் கே சார்பு நேரத்தை மிச்சம் பிடிக்க 'பார்டர்' என்ற எளிய திருத்தத்தை மட்டும் செய்யும். பெய் தரவில் 3604 புள்ளி. ஆக வேறு எதுவும் சொல்லாமல் ஓட்டினால் கிடைப்பது இந்தச் சிக்கனமான விடைதான். பார்டர் முறையில் விளிம்புக்கு அருகில் உள்ள மரங்கள் மையமாக எண்ணப்படுவதே இல்லை. 100 மீட்டரில் பாதி நிலத்தைத் தூக்கிப் போட்டதற்குச் சமம். இப்போதைய கணினிகளுக்கு 3604 எல்லாம் ஒரு சுமையே அல்ல. ரிப்ளியின் திருத்தம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள்.

பைத்தானுக்கு வருவோம். பைசால் என்ற இடவியல் தொகுப்புக் குடும்பத்தின் பாயிண்ட்பாட்ஸில் கே சார்பும், மிக அருகிலுள்ள புள்ளி எவ்வளவு தூரம் என்று பார்க்கும் எஃப், ஜி சார்புகளும் இருக்கின்றன. எழுதுவதும் எளிது. ஆனால் எல்லை தராவிட்டால் அது கேட்காது. புள்ளிகளைச் சுற்றி மிகச் சிறிய செவ்வகம் ஒன்றைத் தானே வரைந்துகொள்ளும். பெய் மாதிரி நிலமே செவ்வகமாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. சென்னை விபத்துப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். எண்ணூரிலிருந்து கடற்கரையோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை நீளும் நகரம் அது. சுற்றி வரையும் செவ்வகத்துக்குள் வங்காள விரிகுடாவின் ஒரு துண்டும் வந்துவிடும். கடலில் விபத்து இல்லை, அதனால் நிலத்தில் 'கொத்து' இருக்கிறது என்று கணக்கு சொல்லும். சொன்னது கணக்கின் தவறு அல்ல, கேட்காமல் விட்டதன் விளைவு.

பலகோணத்தை நாமே கொடுத்தால் பாயிண்ட்பாட்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும், அந்தப் பலகோணத்துக்குள்ளேயே தற்செயல் புள்ளிகளைத் தூவி ஒப்பிட்டும் பார்க்கும். விளிம்புத் திருத்தம்தான் குறை. நான் பார்த்த பதிப்புகளில் அதற்கு ஒரு பெயர் ஒதுக்கியிருந்தார்கள், உள்ளே வேலை நடக்கவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: எல்லை சரியாக இருந்தால், தூவிய புள்ளிகளுக்கும் அதே விளிம்புக் குறைதான் வரும். ஆகவே 'தற்செயலா இல்லையா' என்ற சோதனை தாங்கும். கே-யின் அளவை எடுத்து இன்னொரு காட்டோடு ஒப்பிடப் போனால்தான் தாங்காது.

பைத்தானில் பலர் கை வைப்பது அதற்கும் முன்னால், சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் தொகுப்பில் உள்ள டிபிஸ்கேனில். நெருக்கமான புள்ளிகளைக் கொத்தாகப் பிரிக்கும் முறை அது. 1996-இல் வந்த நல்ல முறை, லட்சக்கணக்கான புள்ளிகளை அசராமல் பிரிக்கும். ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. 'கொத்துகள் எவை?' என்று சொல்லும், 'கொத்து என்று ஒன்று இருக்கிறதா?' என்பதைச் சொல்லாது. முழுக்கத் தற்செயலாகத் தூவிய புள்ளிகளைக் கொடுத்து ஆரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் அதிலும் வண்ண வண்ணமாகக் கொத்துகள் வரும். வண்ணம் வந்துவிட்டால் அது உண்மை போலவே தெரியும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

அடுத்தது அட்சரேகை, தீர்க்கரேகை. கைபேசியிலிருந்து வரும் புள்ளிகள் டிகிரியில் இருக்கும். டிகிரி தூரம் அல்ல. லண்டன் பக்கம் ஒரு டிகிரி தீர்க்கரேகை 69 கிலோமீட்டர், சென்னையில் 108. டிபிஸ்கேனில் ஆரத்தின் இயல்பு மதிப்பு 0.5. டிகிரித் தரவை அப்படியே கொடுத்தால் அது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஆகிவிடும். மதுரை மாநகராட்சி முழுவதும் ஒரே கொத்து. கோள தூரத்தில் கணக்கிட ஹாவர்சைன் என்ற வழி உண்டு. அதற்கு அட்சரேகை முதலில் வர வேண்டும், இரண்டும் ரேடியனில் இருக்க வேண்டும், ஆரமும் ரேடியன்தான்: 200 மீட்டருக்கு 0.2-ஐ 6371-ஆல் வகுத்த எண். மூன்றில் ஒன்று தவறினாலும் எந்த முறையீடும் இல்லாமல் விடை வந்துவிடும்.

ஆரில் டிகிரிப் புள்ளிகளை, வரைபடத் தரவைக் கையாளும் எஸ்எஃப் தொகுப்பிலிருந்து ஸ்பாட்ஸ்டாட்டுக்கு மாற்றப் பாருங்கள். தட்டையாக்கிய, அதாவது டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்றிய, ஆள்கூறுகளை மட்டும்தான் மாற்ற முடியும் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். அதே புள்ளிகளுக்கு இடையே தூரம் கேட்டால், எஸ்எஃபுக்கு இணையான பைத்தானின் ஜியோபாண்டாஸ் ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுத் தூரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். நாற்பது வரி வெளியீட்டுக்கு நடுவே அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? பிழை காட்டி நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆய்வறிக்கையை முடிக்கத் தவிக்கும் ஒருவரைக் காப்பாற்றுவது அதுதான்.

தட்டையாக்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம்: பூமியை ஆறு டிகிரி அகலத் துண்டுகளாகப் பிரித்துத் தட்டையாக்கும் யுடிஎம் முறையில் தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் விழுகிறது. 78 டிகிரிக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே போகிறது. கோவையும் முதுமலையும் 43-ஆம் மண்டலம், மதுரையும் சென்னையும் 44. இலங்கை முழுவதும் 44-இல் அடங்கிவிடும், அங்கே இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. நமக்கு, மாநிலம் முழுவதற்குமான தரவு என்றால், இரண்டு கோப்பாகத் தட்டையாக்கிப் பிறகு ஒட்டிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மண்டலத்தில் வையுங்கள்.

புள்ளிகளின் அடர்த்தியை நிறத்தில் காட்டும் வெப்ப வரைபடம் வேண்டும் என்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், ஆனால் அதைப் பார்ப்பதற்கு மட்டும். அதன் ஆரம் மில்லிமீட்டரில் இருந்தால், பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது சிவப்புத் திட்டுகளே இடம் மாறும். கொஞ்சம் பெரிதாக்கியதும் ஒரு 'ஹாட்ஸ்பாட்' மூன்றாகப் பிரிந்துவிடும். அறிக்கையில் போடுவது என்றால் ஸ்பாட்ஸ்டாட்டின் அடர்த்திக் கணக்கு. அதிலும், ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு தூரம் பரப்புவது என்ற இயல்பு அகலத்தை அப்படியே நம்பக்கூடாது. எல்லையின் குட்டைப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கு என்று அது வைத்திருக்கிறது, பெய் நிலத்தில் 62.5 மீட்டர். அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். பைத்தானில் சைபை என்ற அறிவியல் தொகுப்பின் கௌசியன் முறை புள்ளிகளின் பரவலைப் பார்த்து அகலத்தை எடுப்பதால், நீளமான நிலத்தில் மேகமும் நீளவாக்கில் இழுபடும். விளிம்புக்கு வெளியே வழியும் அடர்த்தியைத் திருப்பிக் கொண்டுவருவதும் இல்லை.

மனிதர்களைப் பற்றிய தரவில் இதை விடவும் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நோயாளிகளின் புள்ளிகளை மட்டும் போட்டால் வரும் வரைபடம், மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதன் வரைபடம்தான். ஸ்பாட்ஸ்டாட்டில் உள்ள சோர்லி தரவு இதை அழகாகக் கையாள்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 1974 முதல் 1983 வரை, ஒரு பழைய கழிவு எரிகலன் அருகே குரல்வளைப் புற்றுநோய் கூடுதலா என்ற கேள்வி. குரல்வளைப் புற்றுநோய் 58 பேருக்கு. அவர்களோடு ஒப்பிட, அதே பகுதியில் நுரையீரல் புற்றுநோய் வந்த 978 பேர். இரண்டாவது கூட்டம் மக்கள் தொகைக்கு நிழலாக நிற்கிறது. அடர்த்தியை அடர்த்தியால் வகுக்கும் இந்த வேலைக்கு ஆரில் தனிக் கட்டளையே இருக்கிறது. நோய்க் கொத்துகளைத் தேடும் மார்ட்டின் குல்டார்ஃபின் சாட்ஸ்கேன் என்ற இலவச மென்பொருளும் சுகாதாரத் துறையினருக்கு நல்ல துணை, நிரல் எழுதவே தேவையில்லை.

மறுபடி பெய் மரங்களுக்கே போகிறேன், முக்கியமான தேர்வு அங்கேதான் வருகிறது. கே சார்பு கொத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஏன் கொத்து? விதை தாய்மரத்துக்கு அருகில் விழுவதாலா, அல்லது அந்தச் சரிவான நிலம் அதற்குப் பிடித்திருப்பதாலா? ஸ்பாட்ஸ்டாட்டில் ஒரே வரியில் உயரத்தையும் சரிவையும் வைத்து பாய்சான் என்ற புள்ளியியல் மாதிரியைப் பொருத்தலாம். சரிவின் குணகம் 5.85 வரும். நிலச் சரிவு 0.1 கூடினால் மரங்களின் அடர்த்தி 1.8 மடங்கு. உயரம் 10 மீட்டர் கூடினால் 24 விழுக்காடு அதிகம். இரண்டுமே புள்ளியியல்படி மிக உறுதியானவை போலத் தெரியும்.

இங்கே நிறுத்திவிடுபவர்கள் நிறைய. பாய்சான் மாதிரி, நிலத்தைக் கணக்கில் எடுத்த பிறகு மரங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் கொத்து மிஞ்சுகிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பத்து மரம் பத்துச் சாட்சி அல்ல. ஒரே தாயின் விதைகளாக இருந்தால் கிட்டத்தட்ட ஒரே சாட்சிதான். அதே ஸ்பாட்ஸ்டாட்டில், தாய்ப் புள்ளிகளைச் சுற்றிக் கொத்துகள் உருவாவதாகக் கொள்ளும் தாமஸ் கொத்து மாதிரிக்கு மாறிப் பார்த்தால் குணகங்கள் அப்படியே இருக்கும், நிச்சயமின்மை பெரிதும் விரிந்துவிடும். சரிவின் விளைவு நிற்கிறது. உயரத்தின் விளைவைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாமல் போகிறது. ஒரே தரவு, ஒரே மென்பொருள், ஒரு கட்டளை வித்தியாசம். பைத்தானில் இந்த இரண்டாவது படிக்கு ஆயத்தமாக ஒரு கருவி இல்லை, நாமே மாதிரியை எழுதிக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கேள்வி 'ஏன்' என்று தொடங்குகிறது என்றால் எனக்கு இதுவே போதுமான காரணம்.

இன்லாப்ரூ எப்போது? எல்லாக் காட்டையும் அங்குலம் அங்குலமாக அளக்க முடியாதபோது. நீங்கள் காட்டில் பத்துக் கோடுகள் நடந்தீர்கள், பாதையிலிருந்து தள்ளிப் போகப் போகக் கூடு கண்ணில் படுவது குறையும். அங்கே எல்லை என்பது உள்ளே, வெளியே என்ற கோடு அல்ல, மெல்ல மங்கும் ஒன்று. பார்க்கும் வாய்ப்பையே மாதிரிக்குள் வைத்து, காட்டின் அடர்த்தியையும் சேர்த்து ஒரே நேரத்தில் மதிப்பிட 2019-இல் அறிமுகமான இன்லாப்ரூ உதவுகிறது. அதன் அடியில் இருப்பது 2009-இல் ஹாவர்ட் ரூவும் உடனிருந்தவர்களும் தந்த, பேய்சியன் மாதிரிகளை விரைவாகத் தோராயமாகக் கணக்கிடும் இன்லா முறை. கேமரூனின் காக்வேனே கொரில்லா சரணாலயத்தின் 647 கூடுகளை வைத்து அதன் பாடங்கள் நடக்கின்றன, செய்து பார்க்க நல்ல தரவு.

விலையும் உண்டு. இன்லா, ஆரின் பொதுத் தொகுப்புக் களஞ்சியமான கிரானில் கிடைக்காது, அதன் சொந்த இடத்திலிருந்து நிறுவ வேண்டும். நிலத்தை முக்கோண வலையாகப் பிரிக்க வேண்டும், வலை முரடாக இருந்தால் விடையும் முரடு. தரவைப் பார்க்கும் முன்பே வைக்கும் அனுமானம், அதாவது முன்னனுமானம், என்ன வைத்தீர்கள் என்று மதிப்பாய்வாளர் கேட்பார், அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பேய்சியன் முறை பழகாதவருக்கு ஒரு பருவம் முழுக்கப் போய்விடும். உங்கள் நிலம் முழுமையாக அளந்த நிலம் என்றால் அந்தப் பருவத்தைச் செலவிட வேண்டியதில்லை.

என் தேர்வை நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்லை தெரியும், எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறீர்கள் என்றால் எஸ்எஃப், ஸ்பாட்ஸ்டாட். நிரல் எழுதிப் பழக்கமே இல்லாத வனத்துறை நண்பருக்கும் இதையேதான் சொல்வேன், இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். தேடல் முழுமையற்றது என்றால் இன்லாப்ரூ. உங்கள் குழுவே பைத்தானில் இருக்கிறது, தினமும் லட்சக்கணக்கில் புள்ளிகள் வந்து குவிகின்றன என்றால் சேர்ப்பதும் சுத்தம் செய்வதும் ஜியோபாண்டாஸில் நடக்கட்டும். சோதனைக்கு மட்டும் எல்லைப் பலகோணத்தோடு ஆருக்கு அனுப்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். சாலை விபத்து என்றால் ஸ்பாட்ஸ்டாட்டின் லின்நெட் பிரிவு தூரத்தைச் சாலை வழியாகவே அளக்கும். சாலை வலையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து இறக்கிக்கொள்ள மட்டும் பைத்தானின் ஓஎஸ்எம்என்எக்ஸ் சுலபம்.

ஆரில் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற பழைய வரைபடத் தொகுப்புகள் மூன்றும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றை அழைக்கும் பழைய பாடம் எதைப் பிடித்தாலும் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஸ்பாட்ஸ்டாட்டும் 2021-இலிருந்து பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. தாய்த் தொகுப்பை அழைத்தால் முக்கியமான துண்டுகள் கூடவே வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

தரவு இன்னும் சேகரிக்கவே போகவில்லை என்றால் நல்லது. கைபேசியில் நடந்த பாதையைப் பதியும் வசதியைக் காலையிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மரம் கிடைத்த இடத்தை எப்படியும் குறிப்பீர்கள். ஒன்றும் கிடைக்காமல் நடந்த மூன்று கிலோமீட்டரும் பதிவாகட்டும், எல்லைப் பலகோணத்தை அதிலிருந்துதான் வரையப் போகிறீர்கள்.